இரண்டு கடமைகளுக்கு நடுவே ஒரு பாலடின்: ரோல்பிளேயிங் விளையாட்டில் மனப்போராட்டம் உள்ள பாத்திரத்தை உருவாக்குவது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டை ஆடும் குழுக்களில் அடிக்கடி தென்படும் பாத்திரம் ஒன்று உண்டு. சத்திரத்தின் மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். அவன் குடும்பத்தை யாரோ கொன்றுவிட்டார்கள். யாரையும் நம்ப மாட்டான். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டில் கேயாட்டிக் நியூட்ரல் (எந்த ஒழுங்குக்கும் அடங்காத நடுநிலைக்காரன்) என்று எழுதியிருக்கும், பின்கதை மூன்று பக்கத்துக்கு இருக்கும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே தவிக்கும் ஒருவனை உருவாக்க வேண்டும் என்றுதான் அதை எழுதியவர் ஆசைப்பட்டிருப்பார். ஆனால் பல செஷன்கள், அதாவது பல அமர்வுகள், போன பிறகும் அவன் எதற்காகவும் தவித்திருக்க மாட்டான். மூலையிலிருந்து எழுந்து வந்து, சண்டை போட்டு, தன் பங்குத் தங்கத்தை வாங்கிக்கொண்டு, திரும்ப மூலைக்கே போயிருப்பான்.

அவனுக்கு எழுதிக் கொடுத்திருப்பது ஒரு காயம். காயம் இரக்கத்தைத் தரும், கோபத்தைத் தரும். ஆனால் அதிலிருந்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் வராது. ஒருவர் மனம் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், அவர் இரண்டு பேருக்கு அல்லது இரண்டு விஷயங்களுக்குக் கடமைப்பட்டிருக்க வேண்டும். இரண்டுமே நியாயமான கடமைகளாக இருக்க வேண்டும். ஒன்றை நிறைவேற்றினால் மற்றது கைவிட்டுப் போகும் என்ற நிலை, பின்கதையில் முடிந்துபோன சம்பவமாக இல்லாமல், விளையாட்டு நடக்கும்போது எல்லோர் கண்முன்னும் வர வேண்டும். பாத்திரம் உருவாக்குவதைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த வகை விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அந்த உலகத்தையும் அதில் வரும் மற்ற மனிதர்களையும் அரக்கர்களையும் அவர் பேசி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, “நான் இதைச் செய்கிறேன்” என்று சொல்லி ஆடுவார்கள். செய்வது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். முன்கூட்டியே எழுதிய வசனம் கிடையாது. அதனால் இங்கே ஒரு பாத்திரத்தை எழுதுவதற்கும் நாவலில் எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாவலாசிரியருக்குப் பாத்திரம் என்ன முடிவெடுக்கும் என்று தெரியும். இங்கே எழுதுபவருக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

அலைன்மென்ட் ஏன் போதவில்லை

பாத்திரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஷீட்டில் குறிக்கும் அடையாளம்தான் அலைன்மென்ட். ‘நல்லவனா கெட்டவனா’ என்ற கேள்வி இந்த விளையாட்டுக்குள் எப்படி வந்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் 1971-ல் வெளியிட்ட செயின்மெயில் என்ற பொம்மைப் போர்வீரர் விளையாட்டில், மாயாஜாலப் போர்களுக்கென்று ஒரு பின்னிணைப்பு இருந்தது. அதில் எந்த உயிரினம் ‘ஒழுங்கு’ அணியில் நிற்கும், எது ‘குழப்பம்’ அணியில் நிற்கும், எது நடுநிலை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். படை பிரிப்பதற்கான பட்டியல் அது. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் மாயாஜாலக் கதைகளில் ஒழுங்கும் குழப்பமும் பிரபஞ்ச அளவில் மோதிக்கொள்ளும். அந்த எண்ணம்தான் இங்கே வந்து சேர்ந்தது. கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது இந்த மூன்று பிரிவும் அப்படியே கூட வந்தது.

நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சைக் கைகாக்ஸ் 1976-ல் ஒரு கட்டுரை எழுதிச் சேர்த்தார். 1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. லாஃபுல் குட் (ஒழுங்கும் நன்மையும்) முதல் கேயாட்டிக் ஈவில் (குழப்பமும் தீமையும்) வரை இன்று இணையமெங்கும் சுற்றும் அந்தச் சதுரம் இதுதான். அந்தக் காலத்து விதிகளின்படி நடுவில் அலைன்மென்ட் மாறினால் பாத்திரத்துக்கு ஒரு லெவல், அதாவது அனுபவத்தால் ஏறிய ஒரு படி, பறிபோகும். அதாவது, மனம் மாறுவது தண்டனைக்குரிய குற்றம்!

படைப்பிரிவின் அடையாளமாகத் தொடங்கியது மனசாட்சியின் அடையாளமாக மாறிவிட்டது. ஆனால் அதன் பிறவிக்குணம் போகவில்லை. ஒருவர் எங்கே நிற்கிறார் என்று அலைன்மென்ட் சொல்லும், அவரை இரண்டு பக்கமும் எது இழுக்கிறது என்று சொல்லாது. ‘நியூட்ரல்’ என்று எழுதினால் நடுவில் நிற்பதாக அர்த்தம். நடுவில் நிற்பவர் நிம்மதியாகக்கூட நிற்கலாம். மாறாக, லாஃபுல் குட் என்று எழுதப்பட்ட பாத்திரம்தான் மிகக் கடுமையாக அல்லாட முடியும். சட்டத்தையும் மதிக்க வேண்டும், நல்லதையும் செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர் அவர். சட்டமும் நல்லதும் வேறுவேறு திசையில் போகும் நாள் வந்தே தீரும். சாம்பல் நிறப் பாத்திரம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பரிந்துரைப்பது பாலடின் என்ற பாத்திர வகையைத்தான். பலருக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது.

பாலடின் பட்ட பாடு

பாலடின் என்பவர் புனித சத்தியத்தால் சக்தி பெறும் போர்வீரர். 1975-ல் வந்த முதல் துணைநூலில் அறிமுகமானார். 1978 கையேட்டில் அவருக்கு விதித்த நிபந்தனைகளைப் படித்தால் மூச்சு முட்டும். மனிதராக இருக்க வேண்டும். கரிஸ்மா என்ற ஆளுமை எண் குறைந்தது 17 வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குத் தர வேண்டும். பத்துக்கு மேல் மாயப் பொருட்கள் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் போகட்டும். தெரிந்தே ஒழுங்கு மீறினால் லாஃபுல் குட் கிளெரிக் (தெய்வத்திடம் சக்தி பெறும் குரு) ஒருவரிடம் போய்ப் பாவமன்னிப்புக் கேட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே ஒரு தீச்செயல் செய்துவிட்டால் பாலடின் அந்தஸ்து அந்த நொடியே போய்விடும். பிறகு அது திரும்பி வராது, சாதாரணப் போர்வீரராகவே காலம் தள்ள வேண்டும்.

இந்த விதி மேசைகளில் ஒரு கெட்ட பழக்கத்தை வளர்த்தது. ஆர்க் என்ற அரக்கர் கூட்டத்தின் குகையைப் பாலடின் வென்றுவிடுவார். உள்ளே போனால் ஆர்க் குழந்தைகள் இருக்கும். “இப்போது என்ன செய்யப் போகிறாய்?” என்று டிஎம் கேட்பார். கொன்றால் தீச்செயல், சக்தி போச்சு. விட்டுவிட்டால் அவை வளர்ந்து ஊரை எரிக்கும், அதற்கும் பாலடினே பொறுப்பு. இந்தக் கேள்வி பல பத்தாண்டுகளாக ஆட்டக்காரர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைப் பெரிய தார்மீகச் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே பாத்திரத்துக்குள் எந்தப் போராட்டமும் இல்லை. ஆட்டக்காரர் டிஎம்மின் முகத்தைப் பார்த்து, அவர் மனதில் எது சரியான விடை என்று ஊகிக்க முயல்கிறார், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் அடி விழும் என்று தெரிந்தவர் அடுத்த முறை முடிவெடுக்கும் இடத்துக்கே போகமாட்டார். எதிலும் சிக்காமல் ஒதுங்கி நிற்கும் விறைப்பான பாலடின்களை இந்த விதிதான் உற்பத்தி செய்தது.

2008-ல் வந்த நான்காம் பதிப்பு அலைன்மென்டுகளை ஐந்தாகக் குறைத்தது, பாலடினின் சக்தி பறிபோகும் விதியையும் எடுத்துவிட்டது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னொரு வழியில் போனது. பாலடின் லாஃபுல் குட்டாக இருக்க வேண்டும் என்ற, நான்காம் பதிப்பிலேயே போய்விட்ட நிபந்தனையின் இடத்தில், அவர் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு சத்தியம் வந்தது. பக்தியின் சத்தியம், பழையோரின் சத்தியம், பழிவாங்கும் சத்தியம் என்று அந்தக் கையேட்டில் மூன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து கொள்கைகள். மூன்றாம் லெவலில்தான் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்பதும் மென்மையாகிவிட்டது. அதே நம்பிக்கையுள்ள கிளெரிக்கிடமோ அதே அமைப்பைச் சேர்ந்த பாலடினிடமோ போய் மன்னிப்புக் கேட்கலாம், இரவெல்லாம் விழித்துப் பிரார்த்திக்கலாம், நோன்பு இருக்கலாம். மனம் வருந்தாமல் வேண்டுமென்றே மீறிக்கொண்டே போனால் மட்டும்தான் டிஎம் கடுமையான முடிவுக்குப் போவார்.

விதியில் இது சின்ன மாற்றம் போலத் தெரியலாம். எனக்கு இது மிகப் பெரிய மாற்றமாகப் படுகிறது. முன்பு வெளியிலிருந்து ஒருவர் கண்காணித்தார். இப்போது பாத்திரமே வாய்விட்டுக் கொடுத்த வாக்கு இருக்கிறது. வாக்குக் கொடுத்தவருக்கு மட்டும்தான் அதைக் காப்பாற்ற முடியாமல் போகும் வேதனையும் உண்டு.

மற்ற விளையாட்டுகள் கண்ட வழிகள்

இதே சிக்கலை வேறு விளையாட்டுகள் இன்னும் நேரடியாகத் தொட்டிருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கி 1985-ல் வெளிவந்த பென்ட்ராகன். ஆர்தர் மன்னன் காலத்து வீரர்களாக ஆடும் விளையாட்டு. அதில் ஒவ்வொரு வீரருக்கும் 13 ஜோடி குணங்கள் இருக்கும். இரக்கம் எதிர் கொடூரம், நேர்மை எதிர் வஞ்சகம், மன்னிக்கும் மனம் எதிர் பழிவாங்கும் மனம் என்று போகும். ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 என்றால் கொடூரம் 7. கொடூரம் இல்லாத வீரர் என்று யாரையும் எளிதில் எழுதிவிட முடியாது, எண்ணிலேயே அது உட்கார்ந்திருக்கும். ஏதாவது ஒரு குணம் 16-ஐத் தொட்டுவிட்டால் அந்த வீரர் அதற்குப் பேர்போனவர் ஆகிவிடுகிறார். அதன் பிறகு அந்தக் குணத்தைச் சோதிக்கும் தருணங்களில் இருபது பக்கப் பகடையை உருட்டச் சொல்லலாம், பகடை சொல்லும் பக்கம் அவர் சாய வேண்டும். சரணடைந்த எதிரியைக் கொன்றால்தான் கோட்டை பிழைக்கும் என்று ஆட்டக்காரர் கணக்குப் போட்டிருப்பார். இரக்கத்துக்குப் பேர்போன அவருடைய வீரரின் கை எழும்பாது.

ஆட்டக்காரரின் சுதந்திரத்தில் கை வைக்கிறார்களே என்று சிலர் இதை எதிர்ப்பார்கள். ஆனால் நம் வாழ்க்கையிலும் அப்படித்தானே? இத்தனை நாள் எப்படி இருந்தோமோ அது இன்றைக்கு நாம் எடுக்க நினைக்கும் முடிவின் மேல் பாரமாக வந்து உட்காருகிறது. குணங்களைத் தவிர, பிரபுவின் மேல் விசுவாசம், குடும்பத்தின் மேல் பாசம், ஒருவர் மேல் பகை என்று உணர்ச்சிகளுக்கும் பென்ட்ராகனில் எண்கள் உண்டு. விசுவாசமும் பாசமும் உயர்ந்த எண்ணில் இருக்க, பிரபு அண்ணனுக்கு எதிராகப் படையெடுக்கச் சொன்னால் அந்த மாலை முழுக்கப் பேசித் தீராது.

1991-ல் வந்த வேம்பயர்: த மாஸ்கரேட் இரத்தக் காட்டேரிகளாக ஆடவைத்து, மனிதத்தன்மை என்ற ஓர் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டது. பூஜ்யமானால் பாத்திரம் ஆட்டக்காரரின் கையைவிட்டே போய்விடும். 2004-ல் வின்சென்ட் பேக்கர் எழுதிய டாக்ஸ் இன் த வின்யார்ட் வேறு மாதிரி. ஊர் ஊராகப் போய் நியாயம் சொல்லும் இளம் மதக் காவலர்களாக அதில் ஆட வேண்டும். எது சரி என்று கதை நடத்துபவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது முழுக்க ஆட்டக்காரர்கள் கையில். வாய்ப்பேச்சில் தோற்கும்போது கைகலப்புக்குப் போகலாம், அதிலும் தோற்றால் துப்பாக்கியை எடுக்கலாம். ‘இந்த வாதத்தில் ஜெயிப்பதற்காக நீ ஓர் ஆளைச் சுடுவாயா?’ என்பதை விதியே கேட்கும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இப்படிப்பட்ட எண்கள் கிடையாது. ஆனால் 2014 பதிப்பில் ஐடியல், பாண்ட், ஃப்ளா என்று மூன்று வரிகள் உண்டு. ஐடியல் என்பது பாத்திரம் நம்பும் கொள்கை. பாண்ட் என்பது அவரைக் கட்டிப்போட்டிருக்கும் மனிதர் அல்லது இடம். ஃப்ளா என்பது பலவீனம். இவற்றுக்கேற்ப ஆடினால் டிஎம் இன்ஸ்பிரேஷன் தரலாம், அதைக் கொண்டு ஒரு முறை இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 2024 திருத்தப் பதிப்பின் பேக்ரவுண்டுகளில் (பாத்திரத்தின் முன்வாழ்க்கை வகைகளில்) இந்த வரிகள் வருவதில்லை. நாமே ஷீட்டில் எழுதிக்கொள்ள யாரும் தடுக்கப் போவதில்லை.

பெரும்பாலானவர்கள் இந்த வரிகளை எல்லாம் ஒரே திசையில் எழுதிவிடுகிறார்கள். ஐடியல்: எளியவர்களைக் காப்பேன். பாண்ட்: என் கிராமத்துக்காக உயிரையும் கொடுப்பேன். கிராமத்தில் எளியவர்கள்தான் இருக்கிறார்கள், ஆகவே அவர் உயிரைக் கொடுப்பார், முடிந்தது. கொள்கை ஒரு பக்கம் இழுக்க, கட்டிப்போட்டிருக்கும் மனிதர் நேர் எதிர்ப் பக்கம் இழுக்கும்படி எழுதிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மிரேலை உருவாக்குவது

சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல். மிரேல் என்று ஒரு பெண் பாலடினை இங்கேயே உருவாக்குவோம். 2014 பதிப்பு, பக்தியின் சத்தியம். அந்தச் சத்தியத்தின் ஐந்து கொள்கைகள்: நேர்மை, துணிவு, கருணை, மானம், கடமை. நேர்மை என்றால் பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, சொன்ன சொல்லைக் காப்பாற்று. கடமை என்றால் உன் செயலுக்கும் விளைவுக்கும் நீயே பொறுப்பு ஏற்றுக்கொள், உன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைப் பாதுகாத்துக்கொள், உன் மேல் நியாயமான அதிகாரம் உள்ளவர்களுக்குக் கீழ்ப்படி. ஒரே சத்தியத்துக்குள் எவ்வளவு பெரிய வெடிமருந்து இருக்கிறது பாருங்கள்.

ஒரு மலையடிவார ஊரில் கொள்ளைநோய் வந்த வருஷம். ஊரின் கோயிலுக்குள் முந்நூறு பேர் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். மிரேலுக்கு அப்போது 19 வயது, வாசல் சாவி அவளிடம். ஓர் இரவு பக்கத்துக் கிராமத்திலிருந்து நாற்பது பேர் ஓடி வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு நோய் தொற்றியிருக்கலாம். “கதவைச் சாத்து” என்கிறார் தலைமைக் குரு. சாத்துகிறாள். விடிவதற்குள் வெளியே சத்தம் அடங்கிவிடுகிறது. உள்ளே இருந்த முந்நூறு பேரும் பிழைத்தார்கள். அந்த நாற்பது பேரும் வாசலை எட்டுவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள் என்று குரு ஊருக்கு அறிவித்தார். அந்தக் கோயில்தான் இன்றைக்கு நோயில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்க்கிறது. சுற்று வட்டாரக் கிராமங்கள் நம்பிக்கையோடு அனுப்பும் தானியத்தில்தான் அந்த அடுப்பு எரிகிறது. உண்மை வெளியே வந்தால் தானியம் நின்றுவிடும்.

இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டிய ஆள் அந்தக் குரு. அவரைக் கெட்டவராக எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். தங்கத்தைப் பதுக்கினார், ரகசியமாகப் பேயைக் கும்பிட்டார் என்று ஏதாவது சேர்த்தால் கதை விறுவிறுப்பாகும் போலிருக்கும். சேர்த்த மறுகணமே மிரேலின் சிக்கல் தீர்ந்துவிடும். கெட்டவரை அம்பலப்படுத்துவதில் என்ன தயக்கம்? ஆகவே அவர் நல்லவராகவே இருக்கட்டும். அன்றைக்கு அவர் எடுத்த முடிவு சரியாகவேகூட இருந்திருக்கலாம். மிரேலைக் குழந்தையிலிருந்து வளர்த்தவர் அவர்தான். அந்த நாற்பது பேரின் பெயர்களையும் தனியாக எழுதி வைத்துக்கொண்டு தினமும் அவர்களுக்காகப் பிரார்த்திக்கிறார். ஊரிடம் மட்டும் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு முகம் வேண்டும். ‘உண்மை’ என்பது வெறும் கருத்து. கருத்தோடு எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? கூட ஆடும் இன்னொருவரிடம் பேசி, அவருடைய ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரப் போர்வீரர்) பாத்திரம் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆளாக இருக்கும்படி செய்கிறோம். பெயர் டோவன் என்று வைப்போம். அந்த வருஷம் வேட்டைக்குப் போயிருந்தவன், திரும்பி வந்தபோது வீடு காலி. மனைவியும் மகளும் எங்கே எப்படி இறந்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறான். மிரேலும் அவனும் ஒரே குழுவில் பயணம் செய்கிறார்கள். ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றுகிறார்கள்.

ஐடியல்: சத்தியம் கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பாண்ட்: கோயில் அடுப்பில் சாப்பிடும் ஒவ்வொரு குழந்தையும் என் பொறுப்பு. ஃப்ளா: உத்தரவு வந்துவிட்டால் நான் யோசிப்பதை நிறுத்திவிடுவேன். பின்கதை இவ்வளவு போதும், அரைப் பக்கம். மூன்று பக்கம் எழுதினால் முடிவையும் சேர்த்து எழுதிவிடுவோம்.

சரி, இந்த முடிச்சு உண்மையிலேயே முடிச்சுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இலங்கைப் போரில் கும்பகர்ணனையும் வீடணனையும் நினைத்துப் பாருங்கள். சீதையை விட்டுவிடு என்று இருவருமே இராவணனிடம் சொல்கிறார்கள். அண்ணன் செய்தது தவறு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஒருவன் இராமனிடம் போய்ச் சேர்கிறான். இன்னொருவன், தம்பி போர்க்களத்துக்கே வந்து அழைத்தும் போகாமல், தோற்போம் என்று தெரிந்தே அண்ணனுக்காகச் சண்டையிட்டுச் சாகிறான். இவர்களில் யார் செய்தது சரி என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் ஓயவில்லை. ஒரே நிலைமையில் இரண்டு நல்ல மனிதர்கள் இரண்டு வழியில் போக முடிந்தால் அது நிஜமான முடிச்சு. உங்கள் பாத்திரத்தை மேசையில் உள்ள மற்றவர்களிடம் சொல்லி, “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் திரும்பப் போய் எழுத வேண்டியதுதான். மிரேலைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பதில்கள் சிதறும் என்று நினைக்கிறேன்.

மேசையில் நடக்க வேண்டியது

பெரிய முடிவை முதல் செஷனிலேயே கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்கும் வலிக்காது. குருவையும் குழந்தைகளையும் டோவனையும் மேசையில் உள்ளவர்கள் இன்னும் நேசிக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். சின்னதாகத் தொடங்க வேண்டும். கோயில் பையன் ஒருவன், “அக்கா, அந்த வருஷம் வாசல்ல நீங்கதான் இருந்தீங்களாமே?” என்று கேட்கிறான். மிரேல் பேச்சை மாற்றுகிறாள். அடுத்து, கோயிலில் இறந்தவர் பதிவேடு இருந்தால் பார்த்துச் சொல் என்று டோவன் அவளிடமே உதவி கேட்கிறான். மூன்றாம் லெவல் வருகிறது. குருவின் முன் மண்டியிட்டு ஐந்து கொள்கைகளையும் வாய்விட்டுச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும். இதை லெவல் ஏறும் கணக்குவழக்காக ஓரமாக முடித்துவிடாதீர்கள். ஆட்டக்காரர் தன் குரலில் அந்த வார்த்தைகளைச் சொல்லட்டும். “பொய் சொல்ல மாட்டேன்” என்று சொல்லும்போது டோவனும் அதே அறையில் நிற்கட்டும்.

ஐந்தாம் லெவலில் விதிப்புத்தகமே நமக்கு ஒரு பரிசு தருகிறது. பக்தியின் சத்தியம் செய்த பாலடினுக்கு அப்போது ஸோன் ஆஃப் ட்ரூத் என்ற மந்திரம் கிடைக்கும். பதினைந்து அடி ஆரமுள்ள வட்டம், பத்து நிமிடம். உள்ளே இருப்பவர் கரிஸ்மா சோதனையில் தோற்றால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. சோதனையில் யார் தேறினார், யார் தோற்றார் என்று மந்திரம் போட்டவருக்குத் தெரியும். ஆனால் பதில் சொல்லாமல் மழுப்புவதற்குத் தடை இல்லை. இன்னொன்று, வட்டத்துக்குள் நின்றால் மந்திரம் போட்டவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். பிடிபட்ட கொள்ளைக்காரன் ஒருவனை விசாரிக்க மிரேல் இந்த மந்திரத்தைப் போடுகிறாள். எங்கே நின்று போடுகிறாள்? அறுபது அடி தூரத்திலிருந்தும் போடலாம். ஒவ்வொரு முறையும் அவள் கோட்டுக்கு வெளியே ஓர் அடி தள்ளி நிற்பதை டோவன் ஒருநாள் கவனிப்பான். கவனித்து, வட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு, “நீயும் வா” என்பான். அந்த இடத்தில் டிஎம் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு விதியும் எந்தத் தண்டனையையும் காட்டி மிரட்டவில்லை. உள்ளே போவதும் போகாததும் மௌனமாக நிற்பதும் மிரேலை ஆடுபவரின் கையில் மட்டுமே இருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்க டோவனை ஆடுபவருக்கு முதலிலேயே உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாத்திரத்துக்குத் தெரியாது, ஆட்டக்காரருக்குத் தெரியும். அப்போதுதான் அவர் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்டு ஆட்டத்தைத் தூக்கிவிட முடியும். மறைத்து வைத்துப் பத்தாவது மாதத்தில் அதிர்ச்சி கொடுத்தால், தன் பாத்திரத்தின் துயரத்தைக் கேட்காமலேயே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அவருக்குத் தோன்றலாம். குழந்தைகள் சாவு, கொள்ளைநோய் ஆகியவை சிலருக்குச் சொந்த வாழ்க்கையில் வலிக்கும் விஷயங்கள். ஆட்டம் தொடங்குமுன் நடத்தும் செஷன் ஜீரோவில் எதைத் தொடக் கூடாது, எதைப் பட்டும் படாமல் சொல்லிக் கடந்துவிடலாம் என்று பேசிவிட வேண்டும். ரான் எட்வர்ட்ஸ் இதற்கு லைன்ஸ், வெய்ல்ஸ் என்ற முறையைத் தந்தார். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் பயன்படும். மேசையில் உள்ள அட்டையை யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு வகைப் பாத்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூட்டாளிகளின் பையிலிருந்தே திருடுவான், சரணடைந்தவனைக் குத்துவான், கேட்டால் “என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்” என்பார் அவனை ஆடுபவர். தார்மீகச் சிக்கல் உள்ள பாத்திரம் என்று இதற்குப் பெயரும் வைத்துக்கொள்வார். அவனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, மற்றவர்களுக்குத்தான். அவன் செய்யும் எதற்கும் அவன் விலை கொடுப்பதில்லை. பாத்திரத்தை எழுதும்போதே, தவறான முடிவெடுத்தால் முதல் அடி யார் மேல் விழும் என்று பார்த்துவிட வேண்டும். மிரேலின் மௌனத்தில் முதலில் வேகிறவள் மிரேல்தான்.

விலை என்று சொன்னதும் சத்தியம் முறிந்தது, ஓத்பிரேக்கர் ஆகிவிட்டாள் என்று டிஎம் பாய வேண்டாம். 2014-ன் டிஎம் கையேட்டில் ஓத்பிரேக்கர் தீமையின் பக்கம் போனவர்களுக்கென்று வைத்தது. மிரேல் உண்மையைச் சொன்னால் கடமையை மீறுகிறாள், மறைத்தால் நேர்மையை மீறுகிறாள், இரண்டிலும் தீமையைத் தேடிப் போகவில்லை. விலை உலகத்திலிருந்தே வரட்டும். அவள் சொல்லிவிட்டால் அடுத்த அறுவடையில் தானிய வண்டிகள் பாதிதான் வரும், இருபது குழந்தைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும், குரு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொள்வார் அல்லது, அதைவிடக் கடினமாக, நன்றி சொல்வார். மறைத்துவிட்டால் டோவன் தானாகவே பதிவேட்டைக் கண்டுபிடிப்பான், அதில் தன் மகளின் பெயரைக் குருவின் கையெழுத்தில் பார்ப்பான்.

முடிவு எடுத்த பிறகு ஷீட்டை எடுத்து ஐடியல், பாண்ட் வரிகளைத் திருத்தி எழுதுங்கள். கோயில் குழந்தைகள் இன்னும் அவள் பொறுப்புதானா, இல்லை இப்போது டோவனுக்கு அவள் கடமைப்பட்டிருக்கிறாளா? உடனே இன்னொரு பெரிய முடிச்சைக் கொண்டுவர வேண்டாம். சில செஷன்கள் சாதாரணமான சாகசங்களாகப் போகட்டும், பாழடைந்த கோட்டை, காணாமல் போன வணிகர், ஆற்றுப் பாலத்துப் பூதம் என்று. அதில் மிரேல் ஒரு கதவை எப்படிச் சாத்துகிறாள், ஓர் உத்தரவைக் கேட்டதும் என்ன செய்கிறாள் என்பதை அவளை ஆடுபவர் தானாகவே மாற்றி ஆடத் தொடங்குவார்.